தலைமாட்டுக்கும் ஓர் உறை

தலையணையை உறையில்லாமல் போட்டுப் படுக்க நம் வீடுகளில் யாருக்கும் மனம் வராது. மெத்தைக்கு விரிப்பு உண்டு, திண்டுக்கும் உறை உண்டு. அழுக்கானதும் கழற்றித் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி மாட்டிவிடுகிறோம். தலையும் உடம்பும் படுகிற எதையும் துவைக்க முடிய வேண்டும் என்பது நம் வீட்டு நடைமுறையில் ஊறிய விதி. அண்மைக் காலத்தில் நம் படுக்கையறைக்குள் வந்திருக்கும் குஷன் வைத்த தலைமாட்டுப் பலகை மட்டும் இந்த விதிக்குள் வரவில்லை. கடையில் ஹெட்போர்டு என்று விற்கும் அந்தப் பலகையில் துணியோ ரெக்ஸினோ இழுத்துப் பின்னடித்து நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்ற வழியே இல்லை. உறை கழற்றக்கூடிய தலைமாடு வேண்டுமானால் நம் அளவுக்கு வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நல்ல வழி என்பது என் கட்சி. அது சிக்கன யோசனை மட்டுமல்ல, சுகாதாரமும் சேர்ந்தது.

இதற்கு முதல் காரணம் நம் தலையில் இருக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிய தலையைச் சாய்த்து இரவில் புத்தகம் படிக்கிறோம், கைப்பேசி பார்க்கிறோம், குழந்தைக்குப் பால் கொடுக்கிறோம். தலை படும் இடத்தில் முதலில் ஒரு மங்கல் வட்டம் தெரியும். பிறகு அது கறுக்கும், சிக்கு வாடை வரும். வெல்வெட் துணியின் மயிரிழைகள் எண்ணெயையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரெக்ஸினைத் துடைக்கலாமே என்பார்கள். ஆனால் ரெக்ஸினின் பி.வி.சி. பூச்சு மென்மையாக இருப்பதற்குக் காரணமான பொருளை எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். அப்புறம் அது விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சுள்ள செயற்கைத் தோலைக் காற்றின் ஈரமும் வெப்பமுமே சிதைத்துவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அத்தகைய சோபாக்கள் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தூசிப்பூச்சி எனப்படும் கண்ணுக்குத் தெரியாத உயிரியும் ஈரப்பதம் மிகுந்த இடத்தில்தான் பெருகும். தும்மலும் இழுப்பும் உள்ளவர் தலைமாட்டில் துவைக்க முடியாத துணியை நிரந்தரமாக வைத்திருப்பது நியாயமில்லை.

செய்வதற்கு இது பெரிய வித்தை அல்ல. ஐந்தடி அகலக் கட்டிலுக்கு ஒரே பலகையாகச் செய்யாமல், இருபது அங்குல அகலத்தில் மூன்று துண்டுகளாகச் செய்வது நல்லது. தூக்குவதும் எளிது, உறையும் கையடக்கமாக இருக்கும். உயரம் முப்பது அங்குலம் போதும். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட் ஒன்றிலேயே மூன்றும் அடங்கிவிடும். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில், ஈரம் தாங்கும் ரகமாக வாங்க வேண்டும். ஃபோமும் துணியும் ஏறினால் அளவு கூடும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் அரை அங்குலம் குறைத்தே அறுக்க வேண்டும். மெத்தையின் இலவம்பஞ்சைப் பிரித்து அடைக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். நிமிர்ந்து நிற்கும் பலகையில் பஞ்சு மெல்லக் கீழே இறங்கி அடியில் கட்டியாகச் சேரும். இங்கே இரண்டு அங்குல ஃபோம்தான் பொருந்தும். முப்பத்திரண்டு டென்சிட்டி இருந்தால் சாய்ந்தாலும் பலகை முதுகில் இடிக்காது. அதன்மேல் காடாத் துணியை இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் கன்னால் அடித்துவிட்டால் உள்வேலை முடிந்தது. வெளியுறைக்குச் சென்னிமலை படுக்கை விரிப்பு போன்ற கெட்டியான பருத்தித் துணி ஏற்றது. வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து உலர்த்தினால் சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும். உறையின் ஓரத்தை மடித்துத் தைத்து, பாவாடைக்குக் கோர்ப்பதுபோல் நாடா கோர்த்து, பலகையின் பின்னால் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். எலாஸ்டிக் நாளடைவில் தளர்ந்துபோகும், நாடா தளராது. மாட்டுவதற்குச் சரிவாக அறுத்த இரண்டு ரீப்பர் கட்டைகள் போதும். ஒன்றைச் சுவரிலும் இன்னொன்றைப் பலகையின் முதுகிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால், ஒன்றின்மேல் ஒன்று கொக்கியாக உட்காரும். வேண்டும்போது மேலே தூக்கினால் பலகை கையோடு வந்துவிடும்.

இருக்கிற பலகைமேல் ஒரு துண்டைப் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். துண்டு நழுவும், நழுவாத இடத்திலும் எண்ணெய் ஊடுருவும். பொத்தான் பதித்த வைரக்கட்ட வேலைப்பாட்டின் அழகு இதில் வராது என்பது உண்மைதான். கழற்றும் உறையில் அதைச் செய்ய முடியாது. ஆனால் ஒவ்வொரு பொத்தான் குழியும் தூசி தங்கும் இடம். அழகு வேண்டுமென்றால் விளிம்பில் வேற்று நிறத்தில் பைப்பிங் வைத்துத் தைக்கலாம், மூன்று துண்டுக்கும் மூன்று நிறம் கொடுக்கலாம். சுவர் இடுக்கில் பூச்சி சேராதா என்பது நியாயமான கவலை. கட்டிலோடு முடுக்கிய பலகையின் பின்னாலும் பூச்சி சேரத்தான் செய்கிறது, அது நம் கண்ணில் படுவதில்லை. இதைத் தூக்கிப் பார்த்துப் பெருக்கிவிடலாம். குஷன் வேலை செய்பவரின் பிழைப்பைக் கெடுக்கிறோமா என்ற கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ப்ளைவுட் அறுக்க ஆசாரியும் உறை தைக்கத் தெருமுனைத் தையல்காரரும் வேண்டும். குஷன் கடைக்காரரிடமே இந்த வடிவத்தைச் சொல்லிச் செய்யச் சொல்வதும் வீட்டில் செய்ததற்குச் சமம்தான். கேட்பவர் பெருகினால் அவரும் கழற்றும் உறையோடு விற்கத் தொடங்குவார்.

ஆகவே புதுக் கட்டில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குஷன் ஒட்டிய தலைமாட்டுக்குப் பணம் கொடுக்குமுன் அதன் துணியைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் தலைமாடு இல்லாத கட்டிலை வாங்கி, மூன்று பலகையும் ஆறு உறையும் செய்துகொள்ளுங்கள். மூன்று உறை பலகையில் இருக்கும்போது மூன்று துவைக்கப் போகும். உறையை வெயிலில் போடுங்கள். ஃபோம் பலகையை மட்டும் நிழலில் காற்றாட வையுங்கள், வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகிப் பொடிந்துவிடும்.