விளையிற் பூத்த சேனை

பூச்சந்தையாற் பெயர்பெற்ற தோவாளைக்கு அண்மையில் வாழும் எமக்குப் பூவின் மணம் புதியதன்று. பிச்சியும் மல்லிகையும் மூட்டை மூட்டையாய்ச் செல்லும் சாலையில் நடந்தே வளர்ந்தோம். ஆயினும் பூ ஒன்றினால் நாம் தலைகுனிய நேர்ந்தது சென்ற சித்திரையிலேதான்.

எம் இல்லத்தின் பின்னே சிறு விளையொன்றுண்டு. அதன் மூலையில், அயலகத்து மதிலையடுத்துப் பாட்டியார் நட்ட சேனை இருந்தது. மாசியில் நட்டு மார்கழியில் அகழ்ந்தெடுப்பதே சேனைக்குரிய முறை. பாட்டியார் மறைந்தபின் அதனைத் தோண்டுவாரிலர். ஆண்டுதோறும் பாம்பின் உடல்போற் புள்ளி படர்ந்த ஒற்றைத் தண்டு எழும். குடைபோல் ஓரிலை விரியும். பின்னர் வாடி மண்ணில் மறையும். நான்காண்டுகள் இவ்வாறு கழிந்தன.

கோடைமழை பெய்த சின்னாட்களில், ஒரு மாலை, பொறுக்கவொண்ணாத தீநாற்றம் எழுந்தது. செத்த எலியே என்று துணிந்தோம். அயலகத்து அம்மையார் முந்திய வாரம் எலிக்கு நஞ்சு வைத்ததை அறிந்திருந்தமையின், எம் அன்னையார் மதிலருகே நின்று, "அக்கா, செத்ததைப் புதைக்காமல் எங்கள் விளையில் எறிவது நியாயமா?" என்றார். தமிழ் ஆனர்ஸ் பயிலும் மிடுக்கால் நாமும் இரண்டொரு கடுஞ்சொற் கூட்டினோம். அவ்வம்மையார் மறுமொழி யாதுங் கூறாது உள்ளே சென்றார். பாட்டியார் நோயுற்றுக் கிடந்த இரவுகளில் கண்விழித்து உடனிருந்தவர் அவரே.

மறுநாட் காலை மண்வெட்டியுடன் எலியைத் தேடிச் சென்றோம். மண்ணைப் பிளந்துகொண்டு, குடத்தினளவாய், கருஞ்செந்நிறமான தொன்று அமர்ந்திருந்தது! ஓரம் நெளிந்து விரிந்த மடலொன்று. நடுவே சுருக்கம் விழுந்த பெருங் குமிழ். வண்டும் ஈயும் மொய்த்தன. நாற்றத்துக்கு உறைவிடம் அதுவே.

நிற்க. ஆண்டுதோறும் கிழங்கை எடுத்துவிடுவதனாற் சேனையின் பூவைக் காண்பார் அரியர். விட்டுவைத்தால், கிழங்கு முதிர்ந்தபின், இலைக்கு முன்னரே பூ எழும். முதலிற் பெண்பூக்கள் பக்குவமுறும். அப்பொழுது பூத்தண்டு வெம்மையுற்றுப் புலால் நாற்றம் பரப்பி, அழுகலை நாடும் வண்டுகளை ஏமாற்றி அழைக்கும். ஆண்பூக்கள் பின்னரே மகரந்தஞ் சொரியும். இவ்வினத்துப் பெரும்பூ ஒன்றை, பத்தடிவரை உயர்வதனை, சுமத்திராக் காட்டிற் பெக்காரி என்னும் இத்தாலியர் 1878-இற் கண்டார். 1889-இல் அது இலண்டனையடுத்த கியூ தோட்டத்திற் பூத்தது. இவையெல்லாம் கல்லூரி நூலகத்தில் எளிதிற் கிடைத்தன. மதிலைக் கடந்து சென்று கூறுவதே அரிதாயிற்று.

இரண்டு நாளில் நாற்றம் தானே ஒழிந்தது. மூன்றாம் நாள் அன்னையார் சென்று அவரைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். நாம் பலாவின் பின்னே நின்றோம். அவர் பூவை நெடுநேரம் நோக்கி, "உன் மாமி வைத்த சேனையா? விதைக்கு நான் கொடுத்த துண்டல்லவா இது!" என்றார். ஆகவே நாற்றம் அவர் இல்லத்தினின்றே வந்தது என்னும் எம் துணிபு ஒருவாற்றால் மெய்யாயிற்று. அதனைச் சொல்லும் துணிவுதான் எமக்கு வரவில்லை.

பூ அழிந்தபின் இலை எழுந்தது. மார்கழியில் அகழ்ந்து, பாதியை நாமே சுமந்துசென்று அவர் திண்ணையில் வைத்தோம். புளிவிட்டு அவித்தும் இரு வீட்டாருக்கும் நா அரித்தது.