குறை எவரிடம்?

பாடி வழியாக அம்பத்தூர் செல்வோர் சாலையோரத் தொழிற்சாலைகளை நாள்தோறும் காண்கின்றனர். பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998ஆம் ஆண்டில் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 2003இல் அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங் நிறுவனமும் அதனைப் பெற்றது.

தமிழாசிரியருக்கு ஆலையில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். நம்மைக் கவர்ந்தது பரிசன்று. அமெரிக்க அறிஞர் டெமிங்கின் நோக்கு. பெரும்பாலான குறைகள் தொழிலாளியிடம் தோன்றுவதில்லை, வேலை நடைபெறும் முறைமையிலேயே தோன்றுகின்றன. அதனை மாற்றும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்றார் அவர். துளை பிசகியவுடன் இயந்திரத்தை இயக்கியவரைக் கடிந்துகொள்வது எளிது. கருவி தேய்ந்திருந்ததா, வார்ப்பு முன்பே கோணியிருந்ததா, அவசரப்படுத்தியவர் யார் எனப் பின்னோக்கிச் செல்வது கடினம். அதற்குத் தொழிலாளி மனந்திறந்து பேசவேண்டும். வசைக்கு அஞ்சுபவர் பேசமாட்டார்.

நம் வகுப்பிலும் முதல் பாடவேளைக்குப் பிந்தி வருவோர் உண்டு. வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுதும் வாய்ப்பே போய்விடும். சோம்பல் எனக் கருதி அறிவுரை கூறுவது உலக வழக்கம். நாமோ தாமதங்களை நாள்வாரியாகக் குறித்துவைத்து, அம்மாணவரையே அமர்த்திக் கேட்டோம். ஆவடி மாணவர் மின்தொடர் வண்டியைவிட்டு இறங்கிப் பேருந்துக்காகக் காத்து நிற்கின்றனர்; பூவிருந்தவல்லி மாணவி ஒருத்தி தம்பியைப் பள்ளியில் விட்டபின்பே புறப்படுகிறாள். முதல் பாடவேளையைக் கால்மணி நேரம் தள்ளிவைக்குமாறு கேட்டிருக்கிறோம். அவ்வாறு செய்தால் மாலைப் பேருந்தைத் தவறவிடுவோர் எவரெவர் என்பதையும் இப்பொழுது கணக்கெடுத்து வருகிறோம்.