வாங்கும் வாசகனும்

பாலையூற்றிலிருந்து நாள்தோறும் நடந்துசென்று நான் கற்பிக்கும் பாடசாலையில், தமிழ்ப் பாடத்தோடு நூல்நிலையத் திறப்பும் என் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஏழாந்தர மாணவன் ஒருவனை அங்கிருந்து வெளியேற்றினேன். ஐந்து நிமிடம் வாங்கில் அமர அவனால் இயலாது. காலாட்டுவான், எழுவான், நான்கு நூல்களை இழுத்து, ஒன்றையும் படியாது வைப்பான். ‘குழப்படிகாரன்’ என்பது ஆசிரியர் அறையில் நாங்கள் இட்ட பெயர். தந்தை துறைமுகத்தில் நாட்கூலி. வசதியுள்ளோர் மகனாயின் கொழும்பில் நிபுணரிடம் காட்டியிருப்பர். அக்குறைக்கு ஒரு மருத்துவப் பெயராவது கிடைத்திருக்கும். இவனுக்கு வசைப்பெயரே வாய்த்தது.

அறிவு குன்றாதிருந்தும் கவனம் நிலைக்காத சிறுவரைப் பற்றி 1902இலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். அவரும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையென்றே கருதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நான் அவரைத் தாண்டவில்லை என்பதை எண்ண வெட்கமாயிருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்தளித்த நூலக விதிகள் ஐந்து. நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது முதலாவது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் என்பது இரண்டாவது. ‘அசையாதிருப்பவனுக்கு மட்டும்’ என்று அவர் எழுதவில்லை. முற்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். நாமோ வாசகனை வாங்கோடு பிணைக்கிறோம்.

மறு தவணையில் அவனை அழைத்தேன். திரும்பி வரும் நூல்களை அலுமாரியில் அடுக்கும் வேலையைக் கொடுத்தேன். நடக்கும் வேலை அது. கைக்கும் காலுக்கும் இடமுண்டு. சன்னலருகே ஒரு பாய் விரித்தேன். நின்றும் படிக்கலாம், படுத்தும் படிக்கலாம். முன்னே மூன்று நூல்களுக்கு மேல் வைப்பதில்லை. பத்து நிமிடம் நான் உரத்து வாசிப்பேன்; பின் அவன் எழுந்து உலாவி வருவான். இதனைச் ‘செல்லம்’ என்று நகைத்த நண்பர்களும் உண்டு. பார்வை மங்கியவனுக்குக் கண்ணாடி கொடுப்பதைச் செல்லம் என்போமா?

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. சொல்வதெழுதலில் இன்றும் தவறுகிறான். மருத்துவர் செய்யவேண்டியதை நூல்நிலையம் செய்துவிடவும் முடியாது. ஆயினும், அடுக்கும்போது கண்ட மீன்களைப் பற்றிய படநூலொன்றை வைத்த இடத்தை அவன் மறப்பதில்லை.

ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் இரண்டு நூல்கள் குறைந்தன. அலுமாரியை மீண்டும் பூட்டும்படி ஆலோசனை வந்தது. விலையை நானே கட்டிவிட்டேன். அன்று பிற்பகல் அவன் வந்து, “சேர், இந்தச் சுறா எங்கட கடலிலயும் இருக்குதோ?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இருவரும் நின்றபடியே பக்கங்களைப் புரட்டத் தொடங்கினோம்.