பதினேழு படிக்கு என்ன விலை?

எழுந்துபோய் உங்கள் வீட்டு மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியிலா? நேராக ஏறுகிறதா, பாதியில் திரும்புகிறதா? இந்த ரெண்டு கேள்விக்கும் லட்சக்கணக்கில் பண வித்தியாசம் உண்டு. வீட்டில் யாருக்காவது முழங்கால் தகராறு பண்ணும்வரை அது தெரியாது.

பெரம்பலூரில் என் அம்மா மாடியில் இருக்கிறார். வயது 78. கீழ்வீடு வாடகைக்கு. முப்பது கிலோமீட்டர் தள்சி அரியலூரில் அக்கா வீடு. பக்கவாதத்துக்கு அப்புறம் மாமாவின் இடது கால் சொன்னபடி கேட்பதில்லை. அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ரெண்டு பையன்கள் தூக்கி இறக்குவார்கள். "சாமி புறப்பாடு மாதிரி இருக்கு" என்று சிரிப்பார். ஆனால் அடுத்த தடவை ஆஸ்பத்திரி என்றதும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார்.

அதனால்தான் ஸ்டேர்லிஃப்ட் விசாரித்தேன். பழநி மலை விஞ்ச்சில் போயிருப்பீர்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி. விஞ்ச்சைக் கம்பி இழுக்கும்; இதில் நாற்காலிக்கு அடியிலேயே மோட்டார். அதன் பற்சக்கரம் தண்டவாளத்துப் பற்களைக் கவ்வி மெல்ல ஏறும். தண்டவாளத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, படியிலேயே போல்ட் போட்டு நிறுத்துகிறார்கள்.

அரியலூர் வீட்டில் படி உள்ளே, நேர்ப்படி. கொட்டேஷன் 2.75 லட்சம். பெரம்பலூரில் படி வெளியே, பாதியில் திரும்புகிறது. மாடியைத் தனியாக வாடகைக்கு விடலாம் என்றுதானே நம் ஊரில் படியை வெளியே வைக்கிறோம்! திருப்பம் இருந்தால் அந்தப் படிக்கென்றே அளவெடுத்துத் தண்டவாளத்தை வளைக்க வேண்டும். வெயில் மழை தாங்கும் மாடலாகவும் வேண்டும். 6 லட்சம் என்றார்கள். படித்தது பி.காம். ஆச்சே, திருப்பி விற்றால் என்ன தேறும் என்று கேட்டேன். இன்னொரு வீட்டுப் படிக்கு அது பொருந்தாது. இரும்புக்கடை விலைதான்.

(இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த மாதிரி வேலைகளுக்கு, வருமானத்தைப் பார்த்து, 30,000 பவுண்டு வரை அரசு மானியம் உண்டு. பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.)

வாங்கின பிறகு? கரன்ட் செலவு ஒரு சின்ன பல்பு எரிகிற அளவுதான். பெரும்பாலும் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் கரன்ட் போனாலும் பாதியில் நிற்காது. ஆனால் ஊருக்குப் போகும்போது மெயினை அணைக்கிற நல்ல பழக்கம் நம் வீடுகளில் உண்டே, அது பேட்டரிக்கு எமன். சார்ஜ் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் புது பேட்டரிக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான். அரியலூரில் இன்னொன்று: சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற தூசி. கிரீஸோடு சேர்ந்து பற்களில் பசையாகப் படியும். அக்கா தினம் துடைக்கிறாள். ரிப்பேர் என்றால் மெக்கானிக் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவேண்டும். அவர் வருகிற வரைக்கும் மாமா எங்கே இருக்கிறாரோ, அந்த மாடிதான் அவர் உலகம். ஏ.எம்.சி. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், 'எத்தனை நாளில் வருவீர்கள்' என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேரத்தைவிட அது முக்கியம்.

பெரம்பலூர் கணக்கு வேறு மாதிரி போயிற்று. கீழ்வீட்டு வாடகை 9,000. அம்மா கீழே வந்து மாடியை வாடகைக்கு விட்டால் 6,000. வருஷத்துக்கு 36,000 நஷ்டம், ஐந்து வருஷத்துக்கு 1.8 லட்சம். கீழே வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் வைக்க 80,000. ஆக 2.6 லட்சம். ஆறு லட்சத்து நாற்காலி தோற்றுவிட்டது.

அம்மாதான் மசியவில்லை.

"மாசம் மூவாயிரம் கொறையுதே, அதை யார்கிட்ட கேக்கறது?"

"நான் தரேம்மா."

"நீ குடுத்தா அது வாடகை இல்லையே."

அந்த வாடகையில்தான் பேத்திக்குக் கொலுசு, கோயிலுக்கு எண்ணெய், தன் மாத்திரை. யாரிடமும் கணக்குச் சொல்லாத பணம். ஒரு வாரம் யோசித்தார். மாடியில் என் பழைய புத்தகங்கள் அடைந்துகிடக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அதற்கு வாடகை மூவாயிரம் என்று அவரே நிர்ணயித்துவிட்டுக் கீழே இறங்கினார், கடைசியாக ஒருமுறை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில். இப்போது வாசலில் உட்கார்ந்து தானே கீரை பேரம் பேசுகிறார். ஒண்ணாம் தேதி தாண்டினால் எனக்கு போன் வருகிறது.