பழைய சக்கரம்

பழைய லாரி என்றால் நம்மில் பலருக்குத் தனி வாஞ்சை உண்டு. நீண்ட மூக்கையும் உருண்ட முகப்பு விளக்குகளையும் கண்டால் நின்று பார்க்காமல் நகரமாட்டோம். செம்பூரில் வளர்ந்த எனக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. 1944-இல் தோன்றிய பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பூட்டியது பக்கத்துக் குர்லாவில்தான். ஆயினும் நண்பர்களே, நான் எழுத வந்தது முகப்பைப் பற்றியன்று, சக்கரத்தைப் பற்றி.

மாட்டுங்காவிலிருந்து தாராவி நடைதூரம். அங்கே டயர்க் கடை வைத்திருக்கிறார் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். மாலை வேளைகளில் அவர் கடைப் பலகையில் அமர்ந்து தேநீர் குடிப்பது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு நாள், பழைய லாரி ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஒருவர் அதன் சக்கரங்களை டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஓடாத டயர், பட்டன் அப்படியே இருக்கு. காற்று மட்டும் அடிச்சாப் போதும்" என்றார்.

அண்ணாச்சி டயரின் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மயிரிழை போன்ற வெடிப்புகள்!

"பட்டன் கிடக்கட்டும் தம்பி, பொறந்த தேதியைப் பாரு" என்றார் என்னிடம்.

2000-ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறிக்கிறார்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இதில் அந்த நான்கு இலக்கமே இல்லை, அதற்கும் மூத்தது. ரப்பர் ஓடித்தான் கெடவேண்டும் என்பதில்லை. நின்ற இடத்திலேயே வெயிலும் ஓசோனும் அதைத் தின்றுவிடும்.

டயரையாவது மாற்றிவிடலாம், ரிம்தான் வில்லங்கம். பழைய லாரிகளின் ரிம் ஒரே துண்டன்று. டயரை நுழைத்தபின் ஓரத்துக் காடியில் ஓர் இரும்பு வளையத்தைப் பதித்துப் பூட்டுவார்கள். லாக் ரிங் என்பது இதுதான். 20 அங்குல ரிம்மில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று ஏறும்போது, அந்தப் பக்கத்தின்மேல் விழும் விசை 10 டன்னைத் தாண்டும். காடி துருவேறியிருந்தாலோ, வளையம் நெளிந்திருந்தாலோ, வேறு கம்பெனி வளையத்தை 'ஏறக்குறையப் பொருந்துகிறதே' என்று மாட்டியிருந்தாலோ, வளையம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். சாலையில் செல்பவனைவிடக் காற்றடிப்பவனுக்கே ஆபத்து அதிகம். அவனோ பெரும்பாலும் நம் வயதுப் பையன். சக்கரத்தின்மேல் குனிந்து, காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே வளையத்தைச் சுத்தியலால் தட்டுவான்!

அமெரிக்காவில் 1980-இல் இதற்கென்றே விதி செய்தார்கள்: சக்கரத்தை இரும்புத் தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்கவேண்டும், கழற்றுமுன் வால்வு பின்னை எடுத்து முழுக் காற்றையும் இறக்கிவிடவேண்டும். அண்ணாச்சியின் கடையிலும் வெல்டிங் செய்த கூண்டு ஒன்று உண்டு. மிருகக்காட்சிசாலையா என்று கேலி செய்வோரும் உண்டு. அவர் வேலை பழகிய காலத்தில், உடனிருந்தவர் ஒருவரின் முன்கை வளையத்தோடு போயிற்றாம். அதை அவர் ஒரே முறைதான் சொல்லியிருக்கிறார்.

வளையத்தைக் கழற்றிக் காட்டினார். காடி பொரிந்து உதிர்ந்தது.

"கூண்டுல வச்சாலும் இது ரோட்டுக்கு ஆகாது சார். வேற ரிம் போடுங்க."

"அசல் ரிம் ஐயா, மாத்தினா வண்டிக்கு மதிப்புப் போயிடும். ரெண்டு மடங்கு கூலி தர்றேன்."

"காத்து அடிக்கப்போறவன் என் தங்கச்சி மகன் சார்."

வந்தவர் முகம் சுளித்துச் சக்கரங்களை மறுபடி ஏற்றிக்கொண்டு, சயான் பக்கமாக வேறு கடை தேடிப் போனார். அண்ணாச்சி சற்று நேரம் சாலையையே பார்த்திருந்தார். பிறகு தங்கை மகனைக் கூப்பிட்டார்.

"சைக்கிளை எடுத்துட்டு அந்த டெம்போ பின்னாலேயே போ. எந்தக் கடையில நிக்குதோ, அங்க காத்து அடிக்கிற பையன்கிட்ட மட்டும் சொல்லு. காடியப் பார்க்கச் சொல்லு. வளையத்துக்கு நேரா நிக்க வேண்டாம்னு சொல்லு."