குழலில் ஒரு குளவிக்கூடு

மார்ச் 18, 2024, திருவொற்றியூர்

காலையில் ஏட்டு ஒருவர் வந்து அப்பாவைக் கேட்டார். ஜனவரியில் தவறிவிட்டார் என்றேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு, "அப்போ துப்பாக்கி?" என்றார்.

சனிக்கிழமை தேர்தல் அறிவித்தாயிற்று. உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். தேர்தல் இல்லாவிட்டாலும் இதற்கு விலக்கில்லை. உரிமக்காரர் இறந்தால் ஸ்டேஷனிலோ உரிமம் உள்ள வியாபாரியிடமோ தாமதிக்காமல் கொடுக்கச் சொல்கிறது 1959 ஆயுதச் சட்டம். காரியம், சடங்கு என்று கிடந்த வீட்டில் யாருக்கு அது தோன்றும்?

மார்ச் 19

தூக்கமில்லை.

மார்ச் 21

எப்படிக் கொண்டுபோவது? எனக்கு உரிமம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டா? வக்கீல் தோழி சொன்னாள்: எழுத்தில் தெரியப்படுத்து, இறப்புச் சான்றும் உரிமப் புத்தகமும் எடுத்துக்கொள், கழற்றி உறையில் போடு. ஸ்டேஷனில் கேட்டேன். ஏட்டையே துணைக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கழற்றத் தெரிந்தவர் காட்டுப்பள்ளிச் சித்தப்பாதான். அறுபதுகளில் அப்பா பழவேற்காட்டில் வாத்து சுடப் போனபோது படகு வலித்தவர். 1972 வனவிலங்குச் சட்டத்திலும் அனுமதிச் சீட்டோடு வேட்டையாட இடம் இருந்தது; 1991 திருத்தம்தான் அதையும் அடைத்தது. அப்பா அதற்கெல்லாம் வெகு முன்பே நிறுத்திவிட்டார்.

மார்ச் 24

சித்தப்பா வந்தார். டிசம்பர் புயலில் கழிமுகத்துக்கு வந்த எண்ணெய் இன்னும் வலையில் ஒட்டுகிறதாம். அரைமணி நேரம் அதையே திட்டினார்.

பிறகு துப்பாக்கி. குழல் வாயை ஆளில்லாத மூலைக்குத் திருப்பி, நெம்பை ஒதுக்கி மடக்கினார். இரண்டு அறையும் காலி. கண்ணை நம்பாமல் விரலையும் விட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தபோது இடது குழல் இருட்டு: குளவி மண்கூடு. "இதோட சுட்டா குழல் வெடிச்சு கையைக் கொண்டுபோயிடும், கண்ணு."

பாதுகாப்புப் பூட்டை நம்பாதே என்றார். அது விசையைத்தான் பிடிக்கும். கீழே விழுந்து அடிபட்டால் உள்ளே இருக்கும் சுத்தி நழுவலாம். படகில் ஏறுமுன் தோட்டாவை எடுத்து, மடக்கியே வைக்கணும். முன்னால் உட்கார்ந்தவன் மட்டும் மூடலாம். "வாத்து பறக்குற பக்கமே குழலும் திரும்பும். நடுவுல எவன் உக்காந்திருக்கான்னு அதுக்கு இன்னா தெரியும்?"

குழல், முன்கட்டை, பின்கட்டை. மூன்றாகக் கழற்றிச் சுற்றினார்.

"உங்கப்பா அப்புறம் முன்னால உக்காரவே இல்ல."

எதற்கு அப்புறம் என்றேன். காபி கேட்டார்.

படியிறங்கும்போது வழக்கம்போல இடது காலை இழுத்துக்கொண்டே போனார். சின்ன வயதில் கேட்டால், திருக்கை முள் குத்தியது என்பார் அப்பா. சித்தப்பா மகளின் பள்ளிக் கட்டணம் கடைசி வரை எங்கள் வீட்டிலிருந்துதான் போயிற்று.

மார்ச் 27

ஸ்டேஷனில் எழுத்தர் ஆசையாக மூன்றையும் பூட்டிப் பார்த்தார். திரும்பினார்; குழல் என் வயிற்றைக் கடந்தது. "வாயை அந்தப் பக்கம் திருப்புங்க" என்று அதட்டிவிட்டேன்.

"காலிதாம்மா."

"தெரியும். திருப்புங்க."

திருப்பினார். தோட்டாக்களை எண்ணி ரசீது கொடுத்தார்கள்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டேன். வெயில்.

ஜூன் 10

தேர்தல் முடிந்துவிட்டது. வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், வேண்டாமென்றால் வியாபாரிக்கு விற்கலாம். தம்பிக்கு அது வேண்டுமாம், கூடத்துச் சுவரில் மாட்ட. சித்தப்பாவிடம் போனில் சொன்னேன்.

"தம்பி வேட்டைக்குப் போவானா?"

"இப்போ ஏது சித்தப்பா வேட்டை?"

"அப்ப அது எதுக்கு?"

தம்பிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.