அப்பாவின் தூண்டிலுக்குக் கெளுத்திதான் வரும்

ஐப்பசி பிறந்து நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, கடற்கரைச் சாலையில் நடக்கப் போயிருந்தேன். தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சம் தெரிந்தது. 2022 மார்ச்சில் கடல் கொந்தளித்தபோது அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுத நினைத்து, எழுதாமலே விட்ட விஷயம் ஒன்று உண்டு. இன்று எழுதிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. நான் சொல்வது அதற்குப் பிறகு தெற்கே தள்ளிக் கட்டிய பாலம். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் சரக்கைப் பாலத்துக்குக் கொண்டுவரும். பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவர்களின் சத்தம். சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் தூண்டில்காரர்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். காவலாளி கண்டுகொள்ள மாட்டார். அவர் பங்குக்கு இரண்டு மீன் போய்விடும்.

1968இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வேலை பார்த்த மில் அந்த வருஷம் ஆவணியில் மூடியது. இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று மாதங்கள் ஓடின. அப்பா ஒருநாள் கூடத் தூங்கிக் கழித்ததில்லை. மில்லில் நூல் சுற்றும் பழைய மரப் பாபின் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் நரம்பைச் சுற்றி, ஈயக்குண்டும் முள்ளும் கட்டிக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பிவிடுவார். "சும்மா, பொழுது போகணும் இல்ல?" என்பார்.

அப்பா மீனவர் இல்லை. ஆனால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கோடை முழுக்க நம் கரையில் நீரோட்டம் வடக்கே போகும். ஐப்பசியில் திரும்பித் தெற்கே ஓடத் தொடங்கும். "நரம்பு தெற்கே சாஞ்சா ஐப்பசி பொறந்தாச்சு, காலண்டர் பாக்க வேணாம்" என்று சொல்வார். அதனால் அந்த மாதங்களில் பாலத்தின் தென்பக்கம்தான் உட்காருவார். வடபக்கம் போட்டால் ஓட்டம் நரம்பை அடியில் இழுத்துக்கொண்டு போய்த் தூணில் சுற்றிவிடும். தூண்களில் சிப்பி அப்பியிருக்கும், நரம்பு பட்டால் அறுந்துவிடும். அந்தச் சிப்பியையும் பாசியையும் தேடிச் சிறு மீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். மழையில் அரியாங்குப்பம் ஆறு பெருகும்போது கழியில் இருக்கும் இறால் கடலுக்கு இறங்கும். அதைத் தின்னக் கொடுவா கரையோரம் வந்து நிற்கும். அந்தி மயங்கும் நேரம், தண்ணீர் ஏறும் நேரம், இரண்டும் சேர்ந்து வந்தால் அப்பாவை வீட்டில் பிடித்து வைக்க முடியாது.

ஆனால் வீட்டுக்கு வந்து சேர்வது என்னவோ கெளுத்தியும் காரப்பொடியும்தான். எங்கள் வீட்டில் அது பெரிய வேடிக்கை. "அப்பா தூண்டிலுக்குக் கெளுத்திதான் வரும்" என்று அக்கா ஆரம்பிப்பாள், நான் கூடச் சேர்ந்துகொள்வேன். அப்பாவும் சிரிப்பார். அம்மா கெளுத்தியின் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, புளியைக் கரைக்கப் போய்விடுவாள்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. "அப்பாக்குக் குடைய குடுத்துட்டு வா" என்று அம்மா அனுப்பினாள். நான் பாலத்தின் நடுவே போகும்போது அங்கே ஒரே கூச்சல். அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் நரம்பைப் பிடித்திருந்தார். தூரத்தில் ஒரு மீன் பாதி உடம்பு மேலே வரக் குதித்து, தலையை உதறிவிட்டு விழுந்தது.

"கொடுவா அண்ணே! வுட்டுப் புடி, வுட்டுப் புடி!"

அவ்வளவு பெரிய மீனைப் பாலத்தின் உயரத்துக்குத் தூக்க முடியாது, நரம்பு தாங்காது. கரைக்கு நடத்திக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா இறுக்காமல், தளர்த்தாமல், அடி அடியாகக் கரைப்பக்கம் நடந்தார். வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் நரம்பைச் சுருட்டி மேலே எடுத்து வழிவிட்டார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கடைசியில் மீனவர் ஒருவர் அலையில் இறங்கி, செவுள் ஓரம் கையை அறுத்துவிடாதபடி துண்டைச் சுற்றிப் பிடித்துக் கரையில் போட்டார். யாரோ அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்தார்கள். வெளிச்சத்தில் மீனின் கண் செக்கச்செவேலென்று மின்னியது. ஐந்து கிலோவுக்குக் குறையாது. அப்பாவின் உள்ளங்கையில் நரம்பு கிழித்த கோட்டிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"அப்பா! அம்மாகிட்ட நான்தான் காட்டுவேன்" என்று குதித்தேன். அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

பாலத்தின் வாசலில் சைக்கிளோடு ஒருவர் காத்திருந்தார். பிரெஞ்சுக்கார வீடு ஒன்றில் சமையல்காரர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு ஏற்கெனவே பழக்கமானவர் போலப் பேசினார். மழைக்காலத்தில் கட்டுமரம் போகாத நாளில் மீனுக்கு நல்ல விலை. போதாததற்குப் புரட்டாசி விரதமும் முடிந்திருந்தது. பதினெட்டு ரூபாய் கை மாறியது. அப்பாவின் பையிலிருந்து நான்கைந்து நல்ல கிழங்கானும் ஒரு பாரையும் அதே சைக்கிள் கூடைக்குப் போயின. பையில் மிச்சம் கெளுத்தி மூன்று.

திரும்பும் வழியில் அப்பா குடையை என் பக்கமே பிடித்துக்கொண்டு வந்தார். தெரு முனையில் நின்று, "வூட்ல சொல்லாத, என்ன?" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா வழக்கம்போல, "அப்பா தூண்டிலுக்கு..." என்று ஆரம்பித்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார். நான் முடித்து வைத்தேன்: "...கெளுத்திதான் வரும்!" எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் அவருக்குச் செய்த உதவி என்று ஒன்று இருந்தால் அதுதான்.

தீபாவளிக்கு அக்காவுக்குப் பாவாடை, எனக்கு ஒரு சட்டை. சிநேகிதர் ஒருவரிடம் கைமாற்று வாங்கியதாக அப்பா சொன்னார். தை மாதம் மில் திறந்தது. பாபின் பரணுக்குப் போனது. அதன் பிறகு அவர் தூண்டிலைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பொழுதுபோக்காக இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து, அம்மா படுக்கையில் இருந்தபோது இதைச் சொன்னேன். ரகசியத்தை உடைக்கிறேன் என்று எனக்குத் தயக்கம். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "கைமாத்து வாங்குன காசுல மீன் கவிச்சி அடிக்குமாடா?"

அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா? அதைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

நடை முடிந்து திரும்பும்போது பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். கொடுவா வந்திருந்தது, நல்ல மீன். வழக்கமாக மீன் வாங்கும் அம்மா, "சாருக்கு ஒண்ணு நிறுக்கட்டுமா?" என்று கேட்டார். கெளுத்தி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பாலத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள். அன்று தன் நரம்பைச் சுருட்டி எங்களுக்கு வழிவிட்டவர் உங்கள் அப்பாவாகக்கூட இருக்கலாம்.